இடுப்புத் துணி

ஊசிக்கு நின்ற வரிசை திடீரென்று இரண்டாகப் பிளந்தது. திருவிழாக் கூட்டம் அப்படிப் பிளந்தால் நடுவில் யாரோ வாந்தி எடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

வைகுண்ட ஏகாதசி முடிந்து மூன்றாம் நாள். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் போகிற சாலையோரம் கீற்றுப்பந்தல் போட்டு, வருகிற சனத்துக்கெல்லாம் காலரா ஊசி போட எங்களை உட்கார வைத்திருந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர், ஒரு நர்ஸ். நர்ஸ் நான்தான். பெயர் வீரம்மாள். டாக்டர் தேசிகன் சித்திரை வீதியில் யாரோ மயங்கி விழுந்தார் என்று போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை ஊசி போடலாம், கட்டுக் கட்டலாம். அதற்கு மேல் எதுவும் செய்ய எனக்கு உத்தரவு இல்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். புழுதியில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் நாலு வயசுப் பெண் குழந்தை. மார்கழிக் குளிருக்காகக் கழுத்து வரைக்கும் கம்பளியைச் சுற்றி, அந்தக் கம்பளியோடு வெயிலில் நடத்திக் கூட்டி வந்திருக்கிறாள். குழந்தையின் முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தொட்டால் சில்லென்றிருந்தது.

"பேரு என்ன?"

"பிச்சையம்மா, தாயி. எம்பேரு இருளாயி."

"எத்தனை தடவை வாந்தி?"

"இப்பத்தான் தாயி. முத தடவை."

பொய். கம்பளி ஓரத்தில் பழைய வாந்தி காய்ந்து ஒட்டியிருந்தது.

"வெளிக்குப் போனாளா?"

"இல்லீங்க."

அதுவும் பொய். வாடை அடித்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் இங்கே எல்லோரும் பொய்தான் சொல்வார்கள். வாந்தியும் பேதியும் என்று ஒப்புக்கொண்டால் கொள்ளிடக் கரையில் இருக்கிற காலராக் கொட்டகைக்கு வண்டியில் ஏற்றிவிடுவோம். கட்டியிருக்கிற துணியை எரித்துவிடுவோம். கொட்டகைக்குப் போனவர்கள் திரும்ப மாட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதில் முக்கால்வாசி உண்மை. முப்பது பாய்களுக்கு இரண்டு ஆட்கள். யார் தண்ணீர் கொடுப்பது?

அவளிடமிருந்து இன்னொரு வாடையும் வந்தது. ஊறப் போட்ட புகையிலையும் கருப்பட்டிப் பாகும் கலந்த வாடை. எனக்கு அது எந்தத் தெரு என்று உடனே தெரிந்தது. உறையூரில் சுருட்டுச் சுற்றுகிற தெரு. நான் பிறந்த தெரு. அங்கே பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான். சென்னையில் மூன்று வருஷம் படித்துப் பட்டம் வாங்கியவளும் நான் ஒருத்திதான். டாக்டரிடம் என் அப்பா ஜவுளிக்கடை வைத்திருக்கிறார் என்று சொல்லியிருந்தேன்.

ஒரு நோயாளி வந்தால் முதலில் எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பாள். என் அப்பாவின் ஜாடையை அந்தத் தெருக்காரி யாராக இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு குழந்தையைத் தூக்கினேன்.

இன்ஸ்பெக்டர் கியாசுதீன் சுண்ணாம்புத் தகரத்தோடு வந்து வாந்தியின் மேல் கொட்டினார். ஐம்பது வயசு மனிதர். எப்போதும் பயந்தவர் மாதிரியே நடப்பார்.

"வண்டியக் கூப்பிடவா, சிஸ்டர்?"

"கொஞ்சம் பொறுங்க சார்."

"எதுக்குப் பொறுக்கணும்? வாந்தி, பேதி, கை கால் சில்லு. இன்னும் என்ன, சீட்டு எழுதிக் கையிலயா வெச்சிருக்கும்?"

பந்தலுக்குள் கட்டிலில் கிடத்தி, கம்பளியை உருவினேன். சட்டையைக் கழற்றினேன். இடுப்பிலிருந்து தொடை வரைக்கும் ஒரு பழைய வேட்டித் துண்டு மடித்து இறுக்கிச் சுற்றியிருந்தது. அதில் கை வைத்ததும் இருளாயி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மட்டும் விட்டுடு தாயி. சமயபுரத்தா தாயத்து முடிஞ்சிருக்கு. அவுத்தா தெய்வ குத்தம். இதுக்கு முன்னால மூணு போயிருச்சு. இது ஒண்ணுதான் நின்னுது. பிச்ச எடுத்துப் பேரு வெச்சேன்."

குழந்தையைப் பார்ப்பதென்றால் உடம்பில் ஒரு நூல் இல்லாமல் பார் என்று சென்னையில் எங்கள் மேட்ரன் அடித்து அடித்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அவள் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. இன்னும் ஒரு நிமிஷம் இழுபறி போட்டால் கண்டுபிடித்துவிடுவாள் என்று தோன்றியது.

விட்டேன்.

நாடியைப் பிடித்தேன். காலரா என்றால் நாடி நூல் மாதிரி மெலிந்து, எண்ண முடியாத வேகத்தில் ஓடும். இது ஐம்பத்து நாலு. நாலு வயசுக்கு நூறாவது இருக்க வேண்டும். மறுபடி எண்ணினேன். ஐம்பத்திரண்டு. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். உடனே படிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றினால் கிள்ளிய தோல் மேடாகவே நிற்கும். கண் இமையைத் திறந்தேன். கருமணி கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. உதடும் கன்னமும் சின்னச் சின்னதாகத் துடித்தன. வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டேயிருந்தது. துடைத்தால் அடுத்த நொடி நிறைந்தது.

"சார், வாயப் பாருங்க. காலராக் குழந்தைக்கு நாக்கு காஞ்ச சருகு மாதிரி இருக்கும். இதுக்கு எச்சில் ஊத்துது. நாடியும் மெதுவா அடிக்குது. இது காலரா இல்லை."

"அப்ப என்னது?"

"தெரியலை."

"தெரியலைன்னு ரிஜிஸ்டர்ல எழுத முடியாதும்மா." அவர் சுண்ணாம்புத் தகரத்தைக் கீழே வைத்தார். "நாலு வருஷம் முன்னாடி இப்படித்தான் ஒரு டாக்டர் பொறுங்கன்னாரு. பொறுத்தேன். ரெண்டே நாள். சத்திரத்துல படுத்திருந்த பதினோரு பேரத் தூக்குனோம். வெளிய பாருங்க, எத்தனை ஆயிரம் சனம். உங்களுக்கு ஒரு புள்ள. எனக்கு அத்தனை பேரும்."

அவர் சொன்னது நியாயம். நான் தப்பாக இருந்தால் இந்தப் பந்தலிலிருந்தே காலரா கிளம்பும். சரியாக இருந்து, இவளை வண்டியில் ஏற்றினால், பாதி வழியில் எச்சில் தொண்டையில் அடைத்துச் செத்துப்போவாள்.

"கால் மணி நேரம் கொடுங்க."

"பத்து நிமிஷம்," என்றார். அவர் வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிடுகிற சத்தம் வெளியே கேட்டது.

குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எச்சில் வெளியே வழிந்தது.

"ஏதாச்சும் தின்னாளா? அரளி விதை? எலிப் பாஷாணம்? யார் வீட்டுல என்ன கெடந்துச்சு?"

இருளாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "எம்புள்ளைக்கு நானே அரளியக் குடுப்பனா? காலையில கஞ்சி குடிச்சா. அவ்வளவுதான். என்னமோ கொலகாரியக் கேக்குற மாதிரி கேக்குறீங்களே!"

"கொலைகாரி ஆகாம இருக்கத்தான் கேக்குறேன். உண்மையச் சொல்லு."

"கஞ்சிதான்."

டாக்டர் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. ரப்பர்க் குழாயை எண்ணெய் தொட்டு இறக்கி, உப்புத் தண்ணீரைப் புனலில் ஊற்றி, வயிற்றைக் கழுவினேன். ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை. வெளியே வந்தது கஞ்சி. வெறும் கஞ்சி. விதை இல்லை, தழை இல்லை, நிறம் மாறவில்லை. கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தது. குழந்தை கண்ணைத் திறந்து "அம்மா" என்றாள். இருளாயி என் காலைத் தொடப் போனாள். நான் பெருமையாகத்தான் நின்றேன்.

அந்தப் பெருமை ஐந்து நிமிஷம்கூட இல்லை. நாடி நாற்பத்தாறு. காலைத் தூக்கி விட்டேன், தொப்பென்று விழுந்தது. கையும் அப்படியே. தலையைத் தாங்க அவளால் முடியவில்லை. மார்பைப் பார்த்து மூச்சை எண்ணினேன். பதினெட்டு. அடுத்த நிமிஷம் பன்னிரண்டு. மூச்சு மார்பில் இல்லை. வயிறு மட்டும் மெல்ல ஏறி இறங்கியது. நகக்கண் நீலமாகிக்கொண்டு வந்தது.

சென்னையில் வார்டில் இருபது பேர் இருப்போம். யாராவது ஒருத்தி கத்தினால் டாக்டர் ஓடி வருவார். இங்கே கத்தினால் ஊசிக்கு நிற்கிற சனம்தான் எட்டிப் பார்க்கும். படித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. இந்தப் புள்ளை என் கையில் சாகப்போகிறது என்பது மட்டும் தெரிந்தது.

எட்டு. அப்புறம் எண்ண ஒன்றும் இல்லை.

இருளாயி அலறினாள். அந்த அலறல் கேட்டு இன்ஸ்பெக்டர் உள்ளே ஓடி வந்தார். நான் குழந்தையை மல்லாத்தி, விரலில் துணியைச் சுற்றி வாயிலிருந்த எச்சிலை வழித்து எறிந்தேன். தாடையை முன்னால் தூக்கிப் பிடித்தேன். பிரசவ வார்டில், அழாமல் பிறந்த சிசுவுக்கு மேலே ஒரு மெல்லிய துணி போட்டு ஊதுவோம். நாலு வயசுப் பிள்ளைக்கு யாரும் ஊதி நான் பார்த்ததில்லை. துணியைப் போட்டு, மூக்கைப் பிடித்து, வாயில் வாய் வைத்தேன்.

"என்னம்மா பண்றீங்க!" இன்ஸ்பெக்டர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "காலராவா இருந்தா நீங்களும் காலி!"

ஊதினேன். மார்பு எழும்பியது. எடுத்தேன். இறங்கியது. மறுபடி ஊதினேன்.

அவர் சொன்னது காதில் விழாமல் இல்லை. என் உதட்டில் அவள் எச்சில் இருந்தது. ஒவ்வொரு ஊதலுக்கும் நடுவில், இது காலராவாகத்தான் இருக்குமோ, நான் படித்த திமிரில் எல்லோரையும் கொல்கிறேனோ என்று தோன்றிக்கொண்டேயிருந்தது. நிறுத்தவும் பயமாக இருந்தது.

ஊதினேன். வயிறு சுத்தமாகக் காலி. எடுத்தேன். காலியான பிறகும் மோசமாகிறாள். ஊதினேன். அப்படியென்றால் விஷம் இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. எடுத்தேன். வாய் வழியாக இல்லை. வேறு எந்த வழியாக?

நான் பார்க்காமல் விட்ட இடம் ஒன்றே ஒன்றுதான்.

"சார், கத்தரிக்கோல். அந்த இடுப்புத் துணிய வெட்டுங்க."

"தாயத்து..."

"வெட்டுங்கன்னா!"

அவர் கத்தரியை எடுத்ததும் இருளாயி குழந்தையின் மேல் விழுந்து மறைத்தாள். "வேணாம் சாமி, அம்மை இல்ல, சத்தியமா அம்மை இல்ல, வெறும் செரங்குதான்! அம்மைன்னு சொல்லிப் புடிச்சிட்டுப் போயிருவீங்கன்னுதான் மூடி வெச்சேன்!"

கியாசுதீன் அவளை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, துணியை மேலிருந்து கீழ் வரைக்கும் வெட்டினார்.

அப்புறம்தான் எனக்கு அந்த வாடை உண்மையில் அடித்தது. இத்தனை நேரமும் அது தாயின் புடவை வாடை என்று நினைத்திருந்தேன். எங்கள் தெருவில் எல்லோர் மேலும் அந்த வாடை இருக்கும். அதனாலேயே நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

தொடையிலும் பிட்டத்திலும் நீர் வடிகிற சிரங்கு. அதன் மேல் ஊறிய புகையிலை. முழு இலை, அகலமாக, கன்னங்கரேலென்று, வேர்வையில் பளபளத்துக்கொண்டு ஒட்டியிருந்தது. ஒரு அடுக்கு இல்லை. இரண்டு அடுக்கு.

"எத்தனை இலைடி வெச்சே? எப்ப வெச்சே?" என் வாயிலிருந்து தெருப் பேச்சு வந்தது.

"நேத்து ராத்திரி ஒண்ணு. விடியக்காலம் வாந்தி எடுத்தா. செரங்கு நஞ்சு எறங்குதுன்னு இன்னொண்ணு வெச்சேன். எல்லாரும் அப்படித்தானே வெக்கிறோம்..."

ஆமாம். எல்லோரும் அப்படித்தான் வைக்கிறோம். எனக்கும் ஆறு வயசில் வைத்தார்கள். நான் நாள் முழுக்க வாந்தி எடுத்தேன். நஞ்சு போகிறது, நல்லது என்று என் அம்மா சந்தோஷப்பட்டாள். மூன்று வருஷம் படித்து, மருந்துப் புத்தகத்தில் புகையிலை விஷத்துக்கு என்னென்ன அடையாளம் என்று எழுதிப் பரீட்சையில் தேறியிருக்கிறேன். எச்சில், வேர்வை, சுருங்கிய கருமணி, மெதுவான நாடி. அந்தப் பக்கத்தையும் என் தொடையில் இருந்த இலையையும் ஒரு நாளும் நான் சேர்த்து நினைத்ததில்லை.

"தண்ணி! சோப்பு! குடம் குடமாக் கொண்டாங்க!"

இலைகளை உரித்து எறிந்தேன். ஊதினேன். இன்ஸ்பெக்டர் தலைப்பாகையை அவிழ்த்து எறிந்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். "யா அல்லா, யா அல்லா" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். நான் ஊதுகிற இடைவெளியில் சோப்புப் போட்டேன். பழுப்புத் தண்ணீர் கட்டிலிலிருந்து வழிந்து மண்ணில் ஓடியது. நாலாவது குடத்திலும் பழுப்பு. ஆறாவது குடத்தில்தான் தெளிந்தது.

டாக்டர் தேசிகன் வந்தபோது நான் எத்தனை நேரம் ஊதியிருந்தேன் என்று தெரியவில்லை. உதடு மரத்துப் போயிருந்தது.

"என்னம்மா இது, ரணகளமா இருக்கே! என்ன ஆச்சு?"

"புகையிலை விஷம் சார். தோல் வழியா. நாடி நாப்பது. சொந்த மூச்சு இல்லை."

மனிதர் வேறு கேள்வி கேட்கவில்லை. தரையில் கிடந்த இலையைக் காலால் புரட்டிப் பார்த்தார். காலராவுக்காக வைத்திருந்த பெட்டியிலிருந்து அட்ரோபின் எடுத்து, குழந்தைக்குரிய அளவு ஏற்றி, தொடையில் குத்தினார். "நீ நிறுத்தாதே. ஊதிண்டே இரு."

ஊதினேன். நாடி ஐம்பது. அறுபது. எச்சில் குறைந்தது. இன்ஸ்பெக்டர் என் பக்கத்தில் மண்டியிட்டு, நான் கேட்காமலே தாடையைப் பிடித்துக்கொண்டார். வண்டிக்காரன் வாசலில் நின்று "ஏத்தலாமா?" என்று இரண்டு தடவை கேட்டான். "போடா அங்கிட்டு!" என்று கியாசுதீன் கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒரு தடவை நான் வாயை எடுத்தபோது மார்பு தானாக எழும்பியது. நம்பாமல் காத்திருந்தேன். மறுபடி எழும்பியது. இடையில் எவ்வளவு நேரம்! அப்புறம் மறுபடி.

கொஞ்சம் சீரானதும் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்து, "பதினாலு," என்றேன்.

வெகு நேரம் கழித்துப் பிச்சையம்மா முனகினாள். இருமினாள். கீச்சென்று அழுதாள். சிரங்கில் சோப்புப் பட்ட எரிச்சல்தான். அந்த அழுகையைக் கேட்டு டாக்டர் பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

இருளாயி மட்டும் கிட்டே வரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ராசப்பன் மவதானே?" என்றாள். "சுருட்டு ராசப்பன்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா," என்றேன். "ராசப்பன் மகதான்."

"அப்ப உனக்குத் தெரியுமே தாயி. முன்னமே சொல்லியிருக்கலாமே."

என்மேல் வந்த கோபத்தில் அவளைத்தான் கடிந்தேன். "நீ கட்டின இலைதான் உம்புள்ளையக் கொன்னுருக்கும். இன்னொரு தடவை வெச்சே, நானே போலீசுல சொல்லுவேன்." சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் இடிந்துபோனது.

குழந்தை கையை நீட்டியது. இருளாயி ஒரு அடி வைத்தாள். நின்றாள். தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையும், நகக்கண்ணும், விரல் இடுக்கும் கருத்துப்போய், இலைச் சாறு ஏறி இருந்தன.

"இத வெச்சுத் தொடலாமா?"

"வா இங்கே."

கார்பாலிக் சோப்பை எடுத்து அவள் கையைப் பிடித்துத் தேய்த்தேன். நகத்துக்குள்ளே குச்சி விட்டுத் தேய்த்தேன். பிறந்ததிலிருந்து ஏறின கறை, போகாது. சாறு போனால் போதும் என்று விடாமல் தேய்த்தேன். அவள் குழந்தை மாதிரி கையைக் கொடுத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாத்துக்கும் நானேதான் தாயி வெச்சுக் கட்டுவேன்," என்றாள் மெதுவாக. "என் கைராசின்னு கூப்புடுவாங்க. இந்த மாசம் தெரு பூராச் செரங்கு. விடியக்காலம் கெளம்புறதுக்கு முன்னாடி இருசம்மா மவனுக்கும் நான்தான் வெச்சேன்."

சோப்பு என் கையிலிருந்து நழுவியது.

"எத்தனை வயசு அவனுக்கு?"

"போன ஆடியிலதான் பொறந்தான்."

ஆறு மாசம் கூட இல்லை. நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே பெட்டியை மூடி என் கையில் திணித்துக்கொண்டிருந்தார். "இவளை நான் பார்த்துக்கறேன். நீ கிளம்பு. ஊசி அளவு சொல்றேன், கேட்டுக்கோ. இன்ஸ்பெக்டரும் கூட வரட்டும், சோப்பை எடுத்துக்கோங்கோ."

காலராக் கொட்டகைக்கென்று நின்ற வண்டியில் ஏறினோம். கியாசுதீன் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுடா ஓட்டுடா என்று மாட்டைவிட அவனைத்தான் விரட்டினார். காவிரிப் பாலத்துக்கு வந்தோம். ஸ்ரீரங்கத்தை நோக்கி வருகிற சனம் பாலம் முழுக்க அடைத்துக்கொண்டு வந்தது. வண்டி நின்றுவிட்டது. கோவிந்தா, ரங்கா என்று கூட்டம் நகர மறுத்தது.

பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே குதித்தேன். வழி விடுங்க, வழி விடுங்க என்று கத்திக்கொண்டு, எதிரே வருகிறவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உறையூரைப் பார்க்க ஓடினேன்.